சோயா சாப்பிடலாமுங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. புரட்டாசி பிறந்தால் எனக்குச் சோயாக் கேள்விகள் நிச்சயம். மாசம் முழுக்கக் கவுச்சி இல்லை என்பதால் வீட்டுக்கு வீடு மீல் மேக்கர் என்கிற சோயா உருண்டை அடுப்பில் ஏறும். அது ஏறின கையோடு, "இதைச் சாப்பிட்டால் ஆம்பளைக்கு ஆகாது" என்று யாராவது ஒரு வீடியோவும் அனுப்பிவிடுவார்கள். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் மாலை போட்டதும் இன்னொரு சுற்று வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மீல் மேக்கரை எதில் செய்கிறார்கள்? ரப்பர் என்கிறார்களே?

சோயா பயறில் நூற்றுக்கு 36 முதல் 40 பங்கு புரதம், 18 முதல் 20 பங்கு எண்ணெய். ஆலையில் முதலில் எண்ணெயை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றி எடுத்து, பிறகு சூடு காட்டி அந்தக் கரைப்பானை ஆவியாக்கி விடுவார்கள். மிஞ்சுகிற மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, சூடும் அழுத்தமும் உள்ள இயந்திரத்தில் முறுக்குப் பிழிவது போலத் தள்ளுவார்கள். வெளியே வரும்போது அழுத்தம் சட்டென்று விடுபட, உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி உருண்டை பொரிந்துவிடும். அதனால்தான் பஞ்சு போல இருக்கிறது. புரதம் நார் நாராக நீண்டு படிவதால் கடிக்கும்போது இழுபடுகிறது.

கடலை ஆட்டினால் மிஞ்சும் புண்ணாக்குக்கு இது ஒரு வகையில் பங்காளி. இப்படிச் சொன்னால் "மாட்டுக்குப் போடறதையா திங்கறோம்?" என்று சிலருக்கு முகம் சுருங்கும். மனிதர் சாப்பிடும் தரத்தில் சுத்தம் செய்து தயாரிப்பது இது, அவ்வளவுதான் வித்தியாசம். வீடியோக்களில் அதைத் தீயில் காட்டி, "பாருங்க, பிளாஸ்டிக் வாசம்" என்பார்கள். வருவது முடி கருகுகிற வாசம். புரதம் எது கருகினாலும் அப்படித்தான் இருக்கும்.

பாக்கெட்டில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. கறியை விட அதிகமா?

அந்தக் கணக்கு காய்ந்த உருண்டைக்கு. ஊறினால் எடை இரண்டு, மூன்று மடங்காகும், கூடுவதெல்லாம் தண்ணீர். தட்டில் விழும் 100 கிராமில் 16, 18 கிராம் அளவுக்குத்தான் புரதம் இருக்கும்.

வேறு மாதிரி பாருங்கள். காய்ந்த மீல் மேக்கர் 25 கிராம், அதாவது ஒரு நல்ல கைப்பிடி. அதில் 13 கிராம் புரதம், ஏறக்குறைய இரண்டு முட்டைக்குச் சமம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 50 கிராம். ஒரு கைப்பிடி கால் பங்கைத் தந்துவிடுகிறது. விலைக்குப் பார்த்தால் இது பெரிய விஷயம். சைவமாகவே இருக்கிற வீட்டில் வாரம் இரண்டு மூன்று முறை இதைச் செய்யச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஒன்றே ஒன்று. மீல் மேக்கர் வந்ததும் கொள்ளுப் பருப்பும் பச்சைப்பயறு கடையலும் வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது. கொள்ளிலும் நூற்றுக்கு 22 புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் கூட.

ஆண்கள் சாப்பிட்டால் மார்பு பெருக்கும், விந்து குறையும் என்பது உண்மையா? பையனுக்குப் பெண் பார்க்கிறோம்.

இதைக் கேட்கும் அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள். பையன் பக்கத்தில் நின்று செல்போனை நோண்டிக்கொண்டிருப்பான்.

சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற பொருட்கள் உண்டு. ஜெனிஸ்டீன், டைட்ஸீன் என்பவை அதில் முக்கியமானவை. இவை பெண்களின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போன்ற உருவம் கொண்டவை. அதனால் 'செடி ஈஸ்ட்ரோஜன்' என்று பெயர் வைத்தார்கள், பெயர்தான் ஊரைக் கெடுத்தது. உடம்பில் அது வேலை செய்வது மிகச் சன்னமாக. ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் ஏற்பிகள் இரண்டு வகை. அசல் ஹார்மோன் இரண்டையும் ஏறக்குறையச் சமமாக நாடும், இது ஒரு வகையைத்தான் அதிகம் நாடும்.

2008-இல் அமெரிக்காவில், குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வந்த ஆண்களிடம் நடந்த ஒரு ஆய்வு, சோயா அதிகம் சாப்பிட்டவர்களின் விந்து அடர்த்தி குறைவாக இருந்ததாகச் சொன்னது. பயத்துக்கு அது தீனி போட்டது. ஆனால் அது சாப்பிட்டதைக் கேட்டு எழுதிக்கொண்ட ஆய்வு. ஆண்களுக்குச் சோயாவைக் கொடுத்து, ரத்தத்தை எடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஏராளம். அவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு 2010-இலும் 2021-இலும் வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோனும் குறையவில்லை, ஈஸ்ட்ரோஜனும் ஏறவில்லை.

மார்பு பெருத்த கதையும் பொய்யில்லை. 2008-இல் மருத்துவ இதழில் வந்தது. 60 வயதுக்காரர் ஒருவர் தினம் ஏறக்குறைய மூன்று லிட்டர் சோயாப் பால் குடித்திருக்கிறார். நிறுத்தியதும் சரியாகிவிட்டது. தினம் மூன்று லிட்டர் எதைக் குடித்தாலும் ஏதாவது ஒன்று ஆகத்தான் செய்யும். குருமாவில் பத்து உருண்டை சாப்பிடும் உங்கள் பையனுக்கு அந்தக் கதை பொருந்தாது. தாராளமாகப் பெண் பாருங்கள்.

தைராய்டு இருக்கிறது. சோயாவைத் தொடவே கூடாதா?

தொடலாம், நேரம் பார்த்துத் தொட வேண்டும்.

என் அம்மாவுக்கே நடந்ததைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, ஆறரைக்குச் சத்துமாவுக் கஞ்சி. மாத்திரையை ஒரு நாள் கூட விட்டதில்லை. மாத்திரை போதாவிட்டால் ரத்தத்தில் ஏறும் டிஎஸ்எச் என்ற ஹார்மோன் மட்டும் இறங்கவே இல்லை. இரண்டு முறை பரிசோதனை, இரண்டு முறையும் மாத்திரை அளவு கூடியது. காலையில் என்ன குடிக்கிறீர்கள் என்று மருத்துவரும் கேட்கவில்லை, ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்லும் மகளும் கேட்கவில்லை. ஒரு நாள் அடுப்படியில் நின்று கஞ்சி கிண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாவில் ஒரு பங்கு சோயா. கஞ்சியைப் பத்து மணிக்கு மாற்றினோம். அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியது, பிறகு மாத்திரையைக் குறைக்க வேண்டி வந்தது. பழியெல்லாம் சோயா மேல் போட முடியாது, கஞ்சியில் ராகியும் பாலும் இருந்தன. சுண்ணாம்புச் சத்தும் அந்த மாத்திரையைக் குடலில் உறிஞ்ச விடாது.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போடுங்கள். சோயா, கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை மூன்றையும் நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள். மற்றபடி மதியச் சாப்பாட்டில் மீல் மேக்கர் இருந்தால் ஒன்றும் ஆகாது.

நல்ல தைராய்டைச் சோயா கெடுக்குமா என்றால், உடம்பில் அயோடின் போதுமான அளவு இருக்கும்வரை கெடுப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இப்போது எங்கள் பக்கம் பல வீட்டில் இந்துப்பு, கல் உப்பு என்று மாறிவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பது கிடையாது. அயோடின் குறைந்த உடம்பில்தான் சோயா தைராய்டுக்கு இடைஞ்சல். சோயாவைக் குறை சொல்வதற்கு முன்னால் உப்பு ஜாடியைப் பாருங்கள்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள்?

உணவாக, அளவோடு சாப்பிடலாம். சீனாவின் ஷாங்காயில், இந்த நோய் வந்த 5,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்ப வருவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. ஆனால் அது டோஃபு, சோயாப் பால் போன்ற உணவு. மாதவிடாய் நின்ற பிறகு வரும் உடல் சூட்டுக்கு என்று விற்கும் ஐசோஃபிளேவோன் மாத்திரை வேறு விஷயம். புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கவே வேண்டாம்.

வீட்டில் அரைக்கும் சத்துமாவில் சோயா சேர்க்கலாமா?

சேர்க்கலாம். தவறு பெரும்பாலும் வறுப்பதில்தான் நடக்கிறது.

பச்சைச் சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்று ஒன்று இருக்கிறது. நாம் புரதத்தைச் செரிக்கச் சுரக்கும் நொதியை அது கட்டிப்போட்டுவிடும். வயிறு உப்பும், வலிக்கும், சாப்பிட்ட புரதமும் வீண். வேகவைத்தால் அந்தத் தடுப்பான் பெருமளவு அழிந்துவிடும். வெறும் வறுவலில் அவ்வளவு நிச்சயமாக அழியாது. ராகியும் கம்பும் வாணலியில் சீக்கிரம் வறுபட்டுவிடும், பொட்டுக்கடலைக்கு வேலையே இல்லை. சோயா அப்படியில்லை. மேல் தோல் பொன்னிறமாகி வெடித்துவிட்டது, சரி ஆயிற்று என்று இறக்குவோம். ஆறியதும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் பச்சைவாடையோடு மாவு மாவாக ஒட்டினால் அது வேகவில்லை.

நான் சொல்வது இதுதான். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக மசியும்வரை வேகவையுங்கள். தோலைத் தேய்த்து எடுத்து, வெயிலில் மொட மொடவென்று காயப் போடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். பிறகு லேசாக வறுத்து மில்லுக்குக் கொண்டு போங்கள். மொத்த மாவில் பத்தில் ஒரு பங்கு போதும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகள் கொஞ்சம் அதிலேயே போய்விடும்.

குழந்தைக்கு என்றால், ஆறு மாதத்துக்குப் பிறகு முதலில் சோயா இல்லாத கஞ்சி கொடுங்கள். சோயாவைத் தனியாக, கொஞ்சமாகக் கொடுத்து, தடிப்பு, வாந்தி ஏதும் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கலவையில் சேருங்கள். பத்துச் சாமானையும் ஒன்றாக அரைத்து ஊட்டினால், ஒவ்வாமை வந்தாலும் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

நான் சோயாவே வாங்குவதில்லை. எனக்கு இந்தக் கவலை இல்லைதானே?

பேக்கரிக்குப் போகிறீர்களா? எங்கள் பக்கம் டீக்கடைக்கே பேக்கரி என்றுதான் பெயர், அதனால் போகாதவர் யாரும் இல்லை. டீயோடு கடிக்கும் கிரீம் பிஸ்கட்டின் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 'எமல்சிஃபயர் 322' என்றிருக்கும். அது லெசிதின், பெரும்பாலும் சோயா எண்ணெயிலிருந்து எடுப்பது. கொழுப்பும் நீரும் பிரிந்து போகாமல் பிடித்து வைக்கும். சாக்லேட்டில் இருக்கும், பாக்கெட் பிரெட்டில் இருக்கும், தண்ணீரில் சட்டெனக் கரையும் பால் பவுடரில் இருக்கும். பிரெட் மாவில் சோயா மாவு சேர்ப்பதும் உண்டு. ஜிம்முக்குப் போகும் பையன்களின் புரோட்டீன் டப்பா சிலவற்றில் சோயாப் புரதமே முதல் சாமான்.

இதைச் சொன்னதும் சிலர் 322-ஐக் கண்டு அலறுகிறார்கள். தேவையில்லை. லெசிதின் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் சேரும், அதில் ஐசோஃபிளேவோன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த பிஸ்கட்டில் கவலைப்பட வேண்டியவை மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும். எனக்கு இதில் ஒரு ஆற்றாமை உண்டு. கண்ணுக்குத் தெரியும் மீல் மேக்கருக்குப் பயந்து ஒதுக்குகிற அதே வீட்டில், பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை உடைத்துக் கொடுக்கிறார்கள். ஒதுக்கியது புரதம், உள்ளே போனது சர்க்கரை.

சோயா ஒவ்வாமை இருந்தால்?

பாக்கெட் உணவில் சோயா இருந்தால் ஒவ்வாமை அறிவிப்பு வரியில் சொல்லியே ஆக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதி. 'கன்டெய்ன்ஸ் சோய்' என்ற சொற்களைத் தேடுங்கள். கண்ணாடி ஜாடியில் வைத்து விற்கும் பேக்கரிச் சாமானுக்கு அந்த வரி இருக்காது. ஒவ்வாமை கடுமையாக இருப்பவர்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ரோட்டுக் கடைக் காளானில் ஊற்றும் சோயா சாஸ்?

அந்தக் காளானில் காளானை விட முட்டைக்கோஸ்தான் அதிகம் என்பது கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தெரிந்த ரகசியம். அது போகட்டும். சாஸில் சோயாவைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை, பிரச்சினை உப்பு. ஒரு மேசைக்கரண்டி சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்லும் உச்ச அளவு 2,000. ரத்த அழுத்தக்காரர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாஸில் கோதுமையும் சேர்வதுண்டு, கோதுமை ஆகாதவர்களும் கவனிக்க வேண்டும்.

சோயா ரீஃபைண்டு எண்ணெய் நல்லதா?

எண்ணெயில் புரதமும் கிடையாது, ஐசோஃபிளேவோனும் கிட்டத்தட்டக் கிடையாது. ஆகவே 'சோயா' என்று போட்டிருப்பதால் பயமும் வேண்டாம், பெருமையும் வேண்டாம். பாதிக்கு மேல் லினோலிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பு, கொஞ்சம் ஒமேகா-3. திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிக்க ஏற்றதல்ல. ரேஷனில் வருவது பாமாயில், அதைச் சோயா எண்ணெய் என்று நினைத்துக் கேட்பவர்களும் உண்டு. கடலை எண்ணெய் ஆட்ட ஊருக்கு ஊர் செக்கு இருக்கிற சீமையில், இதைத் தேடிப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. எதுவானாலும் அளவு முக்கியம்.

"சோயா வேண்டாம், நாமக்கல் முட்டையே போதும்" என்கிறார் மாமனார்.

அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: அந்த முட்டை சோயாவிலிருந்துதான் வருகிறது. நாமக்கல் முட்டைக்கோழியின் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், அடுத்தபடியாகச் சோயாப் புண்ணாக்கு. பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிக்கும் அதேதான். சோயா விளையும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் மழை பொய்த்தாலோ விலை ஏறினாலோ நாமக்கல்லில் வயிறு கலங்கும். 2021-இல் சோயாப் புண்ணாக்கு விலை எகிறி, கோழிப் பண்ணையாளர்கள் முறையிட்டு, கடைசியில் மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது.

அந்தச் சோயா முட்டைக்குள் வருமா? ஐசோஃபிளேவோன் மஞ்சள் கருவில் துளியாக வரும், உடம்பில் ஏதும் செய்யும் அளவுக்கு அல்ல. இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். கோழிக்குக் கூடப் பச்சைச் சோயா ஆகாது. கொடுத்தால் கணையம் வீங்கும், வளர்ச்சி குன்றும். அதனால் ஆலையிலேயே வேகவைத்துத்தான் அனுப்புகிறார்கள். கோழிக்குக் காட்டும் அந்தக் கவனம்தான் சத்துமாவு வறுக்கும்போதும் வேண்டும் என்கிறேன்.

இது நம்ம ஊர்ப் பயிர் இல்லைதானே?

சீனத்துப் பயிர். 1935-இல் காந்தி வார்தாவில் இதைச் சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்து 'ஹரிஜன்' இதழில் எழுதினார், ஆனால் அப்போது ஊன்றவில்லை. 1960-களில் பந்த்நகர், ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து முயன்ற பிறகுதான் மத்திய இந்தியாவில் பரவியது. நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ரகங்கள் வெளியிட்டிருக்கிறது, விவசாயத் துறைக் காகிதங்களில் 'சோயா மொச்சை' என்று இருக்கும். ஊர்ப் பயிர் இல்லை என்பதற்காகத் தள்ளுவதென்றால் மிளகாயையும் தள்ள வேண்டும். அப்புறம் பள்ளிபாளையம் சிக்கன் எங்கே போகும்?

சிறுநீரகக் கல் இருக்கிறது.

சோயாவில் ஆக்சலேட் உண்டு. கால்சியம் ஆக்சலேட் கல் என்று பரிசோதனையில் வந்தவர்கள் அளவைக் குறையுங்கள், தண்ணீரைக் கூட்டுங்கள்.

பாலுக்குப் பதில் சோயாப் பால் கொடுக்கலாமா?

பால் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்குச் சரி. ஆனால் சாதாரணச் சோயாப் பாலில் சுண்ணாம்புச் சத்து மாட்டுப் பாலில் இருப்பதில் நான்கில் ஒரு பங்கு கூட இருக்காது. கால்சியம் சேர்த்ததா, சர்க்கரை எவ்வளவு என்று பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இதைக் கொடுக்கவே கூடாது. மருத்துவர் எழுதித் தரும் சோயாக் குழந்தை உணவு வேறு, கடைச் சோயாப் பால் வேறு.

கொழுப்பு குறையுமா?

கெட்ட கொழுப்பு நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு குறையலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999-இல் 'இதயத்துக்கு நல்லது' என்று பாக்கெட்டில் போட அனுமதித்தது, ஆதாரம் போதவில்லை என்று 2017-இல் அதை விலக்க முன்வந்தது. கறிக்குப் பதில் சாப்பிட்டால் லாபம். கறியோடு சேர்த்துச் சாப்பிட்டால் என்ன லாபம்?

எப்படிச் சமைத்தாலும் ஒரு வாடை அடிக்கிறதே?

கொதிக்கும் தண்ணீரில் உப்புப் போட்டு, உருண்டையைப் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து வடியுங்கள். பச்சைத் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துப் பிழியுங்கள். மஞ்சளாக, நுரை நுரையாக ஒரு தண்ணீர் வரும். வாடை அதில்தான் இருக்கிறது. இரண்டாம் முறை அலசிப் பிழிந்தால் தெளிந்து வரும். பிழியாமல் அப்படியே குழம்பில் போட்டால், ஏற்கெனவே தண்ணீர் குடித்த உருண்டை மசாலாவைக் குடிக்காது.

பிறகு பள்ளிபாளையம் முறையில் செய்து பாருங்கள். கடலை எண்ணெயில் கிள்ளிய வரமிளகாய், விதையை உதறிவிட்டுப் போடுங்கள். சின்ன வெங்காயம் ஒரு கிண்ணம், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள் தூள். வேறு மசாலாத் தூள் எதுவும் வேண்டாம். பிழிந்த மீல் மேக்கரை இரண்டாகக் கிள்ளிப் போட்டு, அது ஓரம் சிவக்கும்வரை வதக்கி, கடைசியில் பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காயைச் சேர்த்து இறக்குங்கள். சூடாக அரிசி பருப்புச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள், ஊறின உருண்டை வெளியில் இருந்தால் சீக்கிரம் கெட்டுப்போகும்.